வெளங்காத நாலு வரி

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், என் மனைவி, "பழசைப் பாத்துக்கிடுதாரு" என்பாள். கேட்டவர் முகத்தில் அனுதாபம் பரவும். வீட்டில் வயதானவர் யாரோ படுக்கையில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை எதிர்வீட்டு அம்மா ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிவந்து, "பைய தேறிருவாக, கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுப்பது மரியாதையில்லை என்பதால் ஆப்பிளை நாங்கள் சாப்பிட்டோம்.

நான் பார்த்துக்கொள்வது ஒரு மென்பொருளின் பழைய பதிப்பை. கண் தெரியாதவர்களுக்காகத் திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. கட்டற்ற மென்பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பல நாடுகளில் உட்கார்ந்துகொண்டு முகம் பார்த்தறியாத கொஞ்சம் பேர் அதைச் செய்துவருகிறோம். அதன் நாலாம் பதிப்பு வந்து வெகுநாள் ஆகிவிட்டது. கெட்டிக்காரர்கள் எல்லாரும் நாலுக்குப் போய்விட்டார்கள். பழைய கணினிகளில் நாலு ஓடாது. அந்தக் கணினி வைத்திருப்பவர்களுக்காக மூணாம் பதிப்பையும் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. இணையவழிக் கூட்டம் ஒன்றில், "கொஞ்ச காலத்துக்கு மூணை யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார்கள். ஒலிவாங்கியை அணைக்க மறந்திருந்த நான் அந்த நேரம் பார்த்துத் தொண்டையைச் செருமினேன். அப்படித்தான் பதவிக்கு வந்தேன்.

வேலை கடினமில்லை, கொஞ்சம் ஏடாகூடமானது. நாலில் ஒரு பிழையை யாராவது சரிசெய்தால், அந்தத் திருத்தத்தை மூணுக்குப் பொருந்தும்படி வெட்டி ஒட்ட வேண்டும். எங்கள் பாஷையில் பேக்போர்ட் என்று பெயர். தம்பிக்குத் தைத்த சட்டையைப் பிரித்து அண்ணனுக்கு மாட்டிவிடுவது போல. அப்படிச் சேர்ந்த திருத்தங்களை மூட்டைகட்டிச் சில மாதங்களுக்கு ஒருமுறை 'பராமரிப்பு வெளியீடு' என்று அனுப்புவோம். அதில் புதிதாக ஒன்றும் இருக்கக் கூடாது என்பது சட்டம். வந்ததே யாருக்கும் தெரியவில்லை என்றால் அது நல்ல வெளியீடு. வகுப்பில் இருந்ததே வாத்தியார்களுக்குத் தெரியாமல் பன்னிரண்டு வருடம் படித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடைக்காது.

உதவிப் பக்கத்தில் என் கைபேசி எண்ணைப் போட்டுவைத்திருந்தேன். எவரும் கூப்பிட்டதில்லை. அதனால் ஒரு மத்தியானம் ஒரு பெண் கூப்பிட்டு, "மூணாம் பதிப்புக்கு நீங்கதான பொறுப்பு?" என்று கேட்டதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"ஆமா மேடம். எந்த நாட்டுல இருந்து பேசுதீங்க?"

"சமாதானபுரத்துல இருந்து."

என் வீட்டிலிருந்து சமாதானபுரத்துக்கு நடந்தே போய்விடலாம். உலகம் முழுக்க என் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள் என்று பெருமையடித்துக்கொண்டிருந்த எனக்கு, உலகத்தில் பாளையங்கோட்டையும் சேர்த்தி என்பது தோன்றாமல் போயிருந்தது.

"மேடமெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. ஒங்க மெஷினு என்னைய ரேடியோவுல வச்சு அவமானப்படுத்திட்டு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

எங்கள் பக்கம் ஒரு சின்னச் சமூக வானொலி இருக்கிறது. பாளையங்கோட்டையைத் தாண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் வரை கேட்கும். அதில் அவர் காலை ஏழு மணிச் செய்தி வாசிக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொள்வார். கணினி செய்தியை வாசிக்க வாசிக்க, ஒரு சொல் பின்தங்கி, அதைத் தன் குரலில் சொல்லிக்கொண்டே போவார். கேட்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. நான் ஒரு காதில் மனைவி பேசுவதைக் கேட்டுக்கொண்டு 'ம்' கொட்டும்போதே பிடிபட்டுவிடுகிறவன். இது எப்பேர்ப்பட்ட வித்தை என்று எனக்குத் தெரியும்.

தடுமாற்றம் எங்கே வந்தது என்றால், ஒரே ஒரு எழுத்தில். மௌனம் என்று எழுதும்போது ம-வுக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ளகரம் மாதிரி ஒரு குறியும் வரும் அல்லவா? கணினியில் அது தனிக் குறி. ஆனால் நம்மில் பாதிப் பேர் கொம்பைப் போட்டு, ம-வைப் போட்டு, அப்புறம் நிஜமான ள-வையே தட்டிவிடுகிறோம். மௌனம், மெளனம். இந்த இரண்டில் ஒன்று சரி, ஒன்று தப்பு. எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கணினிக்குத் தெரியும். தப்பாக அடித்திருந்தால் அது நேர்மையாக 'மெ-ள-னம்' என்று வாசிக்கும்.

"கண்ணு தெரியிறவுக எல்லாரும் தப்பாத்தான் அடிக்காக. சொன்னா, எங்கன தப்புன்னு எங்கிட்டயே திரும்பக் கேக்காக. ஒங்களுக்கெல்லாம் தெரிய மாட்டேங்கு" என்றார்.

எங்கள் ஊரில் கௌரவத் தலைவர் இல்லாத சங்கம் கிடையாது. ஆகவே தினமும் செய்தியில் ஒரு கெ-ள-ர-வத் தலைவர் வருவார். அதை அவர் சமாளித்துவிடுவார். காதில் அப்படி விழுந்தால் வாயில் இப்படி மாற்றிக்கொள்ளப் பழகிவிட்டார். பழகாத சொல் வந்தால்தான் ஆபத்து. பௌர்ணமியன்று ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்ற செய்தியில் 'பெ-ள-ர்ணமி' என்று அப்படியே சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஓர் இரங்கல் கூட்டத்துச் செய்தியில் 'மெ-ள-ன அஞ்சலி' வந்தது. என்னவென்று பிடிபடாமல் நின்றுவிட்டார்.

"ரெண்டு செகண்டு. ஊருக்குப் பதிலா நானே அஞ்சலி செலுத்திட்டேன்" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

நேரலைச் செய்திக்கு அவரை ஒரு மாதம் சோதனையாக எடுத்திருந்தார்கள். நிலையப் பொறுப்பாளர் நல்ல மனிதர்தான். தடுமாற்றம் தொடர்ந்தால் பழையபடி பதிவு நிகழ்ச்சிக்கே போய்விடலாம், அதில் ஒரு குறையும் இல்லை என்று பக்குவமாகச் சொல்லியிருந்தார். மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது.

"பதிவு நிகழ்ச்சி நாலு வருசமாப் பண்ணுதேன் அண்ணாச்சி. தடுமாறுனா வெட்டிருவாக, இருமுனா வெட்டிருவாக. நான் ஏழு மணிக்குப் பேசுனா ஊரு ஏழு மணிக்கே கேக்கணும். எனக்கு அம்புட்டுதான் வேணும்."

"ஒன்னும் கவலப்படாதீங்க தங்கச்சி. நாலுல இதச் சரிபண்ணியாச்சு. மூணுக்குக் கொண்டாந்திருதேன்" என்றேன். செருமுவதோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாதவன்.

நாலில் சரிசெய்திருந்தது உண்மை. ஆனால் அது பெரிய அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டுப் பார்க்கிறது. வானொலி நிலையத்தின் கிழட்டுக் கணினியில் அதை ஏற்றினால் செய்தி எட்டு மணிக்குத்தான் வரும். நான் வேறு வழி யோசித்தேன். கொம்புக்குப் பின்னால் ள வந்து, அந்த ள-வுக்குப் புள்ளியோ வேறு குறியோ இல்லாவிட்டால், அதை ஔகாரமாக வாசி. மொத்தம் நாலே வரி. வெளி, தெளிவு, வெள்ளம் எல்லாம் தப்பித்துக்கொள்ளும். கெளுத்தி மீனைக்கூட யோசித்துப் பார்த்தேன், அதுவும் தப்பியது. என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது.

எங்கள் வெளியீடுகளுக்குத் தேதி குறிப்பது ஒரு குளிர்நாட்டுப் பெண்மணி. எப்போதும் சால்வை போர்த்தியிருப்பார். அடுத்த பராமரிப்பு வெளியீட்டுக்கு, அதாவது மூணு புள்ளி பதினொன்றுக்கு, பத்து நாள் இருந்தது. திருத்தங்கள் வாங்கும் கதவை அவர் சாத்தியாகிவிட்டது. நான் கதவிடுக்கில் காலை வைத்தேன். நாலு வரியைப் பார்த்துவிட்டு அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "இது இப்போது சரியாக இருக்கிற எதையாவது கெடுக்குமா?"

"கெடுக்காது. தமிழ் என் தாய்மொழி" என்றேன்.

அதைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதிக்கொண்டார். இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. கட்டுரை, பாடப்புத்தகம், அரசாணை என்று மலைபோல் தமிழை அதற்குள் கொட்டிப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. குறித்த தேதியில் வெளியிட்டோம். வானொலிக் கணினியில் அன்றைக்கே ஏற்றிக்கொண்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு, பாபநாசம் அணை நீர்மட்டத்துக்குப் பிறகு, ஒரு கௌரவத் தலைவர் கௌரவமாக வந்துபோனார். அடுத்த நாளும் அப்படியே. என் மனைவியிடம், "நாலு வரி" என்று நாலு விரலைக் காட்டினேன்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. வியாழன்தோறும் செய்திக்குப் பின்னால் நேயர்கள் வாட்ஸாப்பில் அனுப்பும் கடிதங்களையும் அவரே நேரலையில் வாசிப்பார். அது எனக்குத் தெரியாது. நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உவரியிலிருந்து மீன் கொண்டுவந்து பாளை மார்க்கெட்டில் விற்கும் ஒரு பெண் எழுதியிருந்தார்: "எங்க வீட்டாளு விடியமுன்னயே கடலுக்குக் கெளம்பிட்டாரு. சாளை வெல எப்படிப் போவும்னு வெளங்கல. ஒரு பாட்டு போடுங்க."

இப்படித்தான் எழுதியிருந்தார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வானொலியில் வந்தது வேறு.

"எங்க வீட்டாளு விடியமுன்னயே கடலுக்குக் கவும்பிட்டாரு" என்றது அந்தக் குரல். கொஞ்சம் தயங்கியது. "சாளை வெல எப்படிப் போவும்னு வவு… வவுங்கல…" அதோடு நின்றது. எங்கள் அடுப்படியில் தோசை சுடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவசரமாக ஒரு பாட்டைப் போட்டார்கள்.

தோசைக்கரண்டியோடு வந்து நின்ற மனைவி, "ஒங்க நாலு வரியா?" என்றாள்.

"இருக்கும்."

"மீன் பிடிக்கப் போன மனுசனக் கவுத்திட்டீங்களே."

கிளம்பு என்பதைக் கெளம்பு என்போம். விளங்கவில்லை என்பதை வெளங்கல என்போம். ள-வுக்குப் புள்ளி இல்லை, குறி இல்லை. என் நாலு வரி பாய்ந்துபோய் அவற்றை ஔகாரமாக்கியிருந்தது. மலைபோல் கொட்டிச் சோதித்த தமிழில் ஒரு இடத்தில்கூட யாரும் எங்கேயும் கெளம்பவில்லை. பாடப்புத்தகத்தில் எல்லாரும் புறப்படுகிறார்கள்.

நிலையத்துக்கு ஓடினேன். அவரை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். ஒலிப்பதிவு அறை வாசலில் இயர்போனைச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் செருமினேன்.

"அண்ணாச்சியா? கெளம்பி வந்தீகளா, கவும்பி வந்தீகளா?"

"தப்புதான் தங்கச்சி."

"நீங்க பொறந்தது எங்கன?"

"இங்கனதான்."

"வீட்டுல எப்படிப் பேசுவீங்க?"

கைபேசியை எடுத்துப் பார்த்தேன். அவசரத்தில் வீட்டை விட்டு ஓடிவந்தபோது, அதற்குள் குளிக்கப் போயிருந்த மனைவிக்கு நான் அனுப்பிய செய்தி அதில் இருந்தது: கெளம்பிட்டேன். அதை வாசித்துக் காட்டினேன்.

"பேசுறது இந்தத் தமிழு, அனுப்புறது இந்தத் தமிழு. மெஷினுக்கு மட்டும் சட்டை போட்ட தமிழாக்கும்" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "பழைய தப்பு எனக்குத் தெரிஞ்ச தப்பு அண்ணாச்சி. எங்க வரும், எப்படி வரும்னு காது பழகியிருந்துச்சு. இப்ப எதக் கேட்டா எத மாத்தணும்னே தெரியல. பொறுப்பாளர் சார் கோவிச்சுக்கல. அடுத்த வியாழனோட மாசம் முடியுது, அன்னைக்குப் பாத்துக்கிடுவோம்னுட்டாரு. அன்னைக்கும் கடிதம் உண்டு. எனக்குப் பழையபடியே ஆக்கிக் குடுத்திருங்க. பெ-ள-ர்ணமிய நான் பாத்துக்கிடுதேன்."

எத்தனையோ பேர் என் வேலையைத் திட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் உறைத்ததில்லை. உதவி கேட்டு வந்தவர், உதவியைத் திருப்பி எடுத்துக்கொள் என்று தன்மையாகக் கேட்டது உறைத்தது.

அன்று சாயங்காலமே சால்வைப் பெண்மணியைக் கூப்பிட்டேன். மூணு புள்ளி பதினொன்றுக்கு மேல் இன்னொரு 'புள்ளி ஒன்று' வேண்டும் என்றேன். எங்கள் தொழிலில் அந்தக் கடைசிப் புள்ளி ஒன்று, செய்தவன் தலையில் எல்லாரும் பார்க்க வைக்கும் குட்டு. அவர் கோபப்படவில்லை. "உங்கள் தாய்மொழி நலமா?" என்று மட்டும் விசாரித்தார். எந்தச் சொற்கள் கெட்டன என்று பதிவேட்டில் விளக்கத்தோடு எழுதச் சொன்னார். கெளம்பு, வெளங்கல, வெளங்காதவன் என்று எழுதினேன். கடைசிச் சொல்லுக்கு விளக்கம்: 'இந்தத் திருத்தத்தைச் செய்தவர்.'

நாலு வரியையும் முதலில் எடுத்துவிட வேண்டும் என்பதில் அவருக்கும் எனக்கும் பேச்சே இல்லை. ஆனால் எடுத்துவிட்டு மட்டும் போக எனக்கு மனம் வரவில்லை. பெரிய அகராதிக்குப் பதில், ஔகாரம் வரும் சொற்களில் கையளவு மட்டும் ஒரு பட்டியலாகப் போடலாம். பட்டியலில் இருக்கும் சொல்லை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்றேன். பார்க்க அழகில்லாத வேலை. நாலு வரி அழகாக இருந்தது, என்ன பலன்? பராமரிப்பு வெளியீட்டில் புதிதாக எதுவும் கூடாதே என்று அவர் யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு சொல்லையும் அதைக் காதால் கேட்டு வேலை செய்கிறவர் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஒப்புக்கொண்டால் போதாது. அதைச் சொல்லும்போது சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

சனிக்கிழமை செய்தி முடிந்ததும் நானும் செய்தி வாசிப்பவரும் நிலையத்தில் உட்கார்ந்தோம். மனைவியும் வந்தாள். "ஒத்தையில விட்டா இன்னும் நாலு வரி எழுதிருவீங்க" என்பது அவள் சொன்ன காரணம். நான் சொல்லைச் சொல்வேன். அதே மாதிரி தொடங்கும் பேச்சுச் சொல் ஏதாவது அடிபடுமா என்று மனைவி யோசிப்பாள். அவர் காதில் கேட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம், சௌக்கியம் எல்லாம் சிக்கலில்லாமல் உள்ளே போயின. கௌதாரியும் போயிற்று.

"வெளவால் இருக்கு. வ-வுல இந்த மாதிரி ஆரம்பிக்கிற எல்லாத்தையும் மொத்தமாப் போட்டிரலாமே" என்றேன். பழைய நோய்.

"போடுங்க. வெளக்கமாறு என்னாகும்?" என்றாள் மனைவி.

அவர் கணினியைத் தட்டிக் கேட்டுவிட்டு, "வவுக்கமாறு" என்றார். இரண்டு பேரும் சிரித்து ஓய்வதற்குள் நான் வவ்வாலை மட்டும் தனியாகச் சேர்த்தேன். அப்புறம் க-வில் ஒன்றை மொத்தமாகப் போடப்போனபோது, "குழம்பக் கெளற வேண்டாமா?" என்றாள். அதையும் விட்டேன். யௌவனம் என்றேன்.

"இத யாரு எழுதுவா?" என்றாள் மனைவி.

"எழுதுவாக மதினி. வியாழக்கெழம கடிதத்துல என்னவெல்லாம் வருதுன்னு ஒங்களுக்குத் தெரியாது" என்றார் அவர். சேர்த்தோம்.

மொத்தமே அரைப்பக்கம்தான் வந்தது. அதில் பாதியை அவர் சொன்னார், மீதியில் பாதியை மனைவி தடுத்தாள். செவ்வாய்க்கிழமை மூணு புள்ளி பதினொன்று புள்ளி ஒன்று வெளியானது. உலகத்தில் வேறு யாரும் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன், சாப்பிடவில்லை. அணை நீர்மட்டம் வந்தது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அறுவடை தொடங்கியது வந்தது. இரண்டு கௌரவத் தலைவர்கள் வந்தார்கள், பழுதில்லாமல். பிறகு கடிதங்கள். முதல் கடிதம் போயிற்று. இரண்டாவது போயிற்று. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்குப் பின்னால் நின்றாள்.

"அடுத்த கடிதம்" என்றது குரல். "எங்க வீட்டுக்காரரு ஒரு வாரமா கம்ப்யூட்டர் முன்னாடி மௌனமா ஒக்காந்திருக்காரு."

பிசகவில்லை.

"சௌக்கியமான்னு கேட்டா பதில் இல்ல. ரேசன் கடைக்கு எப்பக் கெளம்புவாருன்னு வெளங்கல."

ஒரு சொல்கூடக் கவிழவில்லை. மௌனம் மௌனமாக வந்தது, கெளம்பு கெளம்பாக வந்தது. நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மௌனத்துலயும் சௌக்கியத்துலயும் வேணும்னே நெசமான ள-வத் தேடிப் போட்டேன். எனக்கே தப்பாத் தெரியல" என்றாள் காலண்டரிடம்.

வானொலியில் ஒரு சின்ன இடைவெளி வந்தது. ஆனால் அது தடுமாற்றம் இல்லை. இயர்போனில் இல்லாத ஒன்றைச் சொல்வதற்காக அவர் எடுத்துக்கொண்ட மூச்சு.

"எழுதுனவுக பேர் போடல. பாளையங்கோட்டைன்னு மட்டும் இருக்கு. மதினிக்காக நானே சொல்லிருதேன். அண்ணாச்சி, அடுத்த வாரமும் ஏழு மணிக்கு இதே மாதிரி நேரலையிலதான் வருவேன், சார் இப்பக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்லிட்டாக. நீங்க கெளம்புங்க."

ரேசன் பை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு கெளம்பினேன்.